குதிரைத்திறன் கேட்கும் முன் பின்பலகையை அளந்துவிடுங்கள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள தொழிற்சாலைகளில் ஒரு சின்ன போல்ட் வாங்க வேண்டுமென்றாலும் அதன் விட்டம், நீளம், மறை எல்லாம் எழுதிக் கொடுக்காமல் ஸ்டோர்ஸிலிருந்து காகிதம் நகராது. எட்டு எம்.எம். போல்ட் என்று மட்டும் எழுதினால் பர்ச்சேஸ்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். நீளம் இருபதா, இருபத்தைந்தா, முப்பதா என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும். ஐந்து எம்.எம். கூடினால் அடியில் முட்டும், குறைந்தால் நட்டு பிடிக்காது.

அதே ஆட்கள் வெள்ளத்துக்கென்று ஒரு படகும் மோட்டாரும் வாங்கும்போது மட்டும் இந்தப் பழக்கம் எங்கே போகிறது என்று எனக்குப் புரியவில்லை. நான் பார்த்த கொட்டேஷனில் குதிரைத்திறன் இருந்தது, டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று இருந்தது, வாரண்டி இருந்தது, டேங்க் கொள்ளளவுகூட இருந்தது. ஷாஃப்ட் நீளம் இல்லை. படகின் பின்பலகை எவ்வளவு உயரம் என்று யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். நான் இங்கே உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் தரப்பரிசோதனையில் இருக்கிறேன். என் மனைவியின் வீடு மரக்காணம் பக்கக் கடற்கரை. ஆலைக்காரர்கள் படகு வாங்குவதையும் பார்க்கிறேன், மீனவர்கள் மோட்டார் வாங்குவதையும் பார்க்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான் விட்டுப்போகிறது.

வெள்ளத்துக்குப் படகு எதற்கு என்று கேட்பவர்கள் இந்தப் பக்கம் இப்போது யாரும் இல்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் அடையாறு பிறப்பதே நம் மணிமங்கலம் பக்கத்து மலைப்பட்டு ஏரியில்தான். அங்கிருந்து இறங்குகிற தண்ணீர் முதலில் முட்டுவது வரதராஜபுரத்திலும் முடிச்சூரிலும். அந்த டிசம்பரில் சென்னைக் கரையோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருக்களில் இறக்கினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதே ஊர்களில் தண்ணீர், மறுபடியும் படகு. இந்தப் பட்டையில் பல ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. ஷிஃப்ட் முடிந்தவர்கள் உள்ளேயே தங்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் சேஃப்டி கமிட்டிகளின் பட்டியலில் தீயணைப்பானுக்குக் கீழே 'ரப்பர் படகு – 1, மோட்டார் – 1' என்ற வரி வர ஆரம்பித்தது. நல்ல காரியம். ஆனால் அந்த வரி முழுசாக இல்லை.

ஷாஃப்ட் நீளம் என்றால் என்ன? கடையில் நிறுத்தி வைத்திருக்கும் மோட்டாரைப் பார்த்தால் உச்சி முதல் அடி வரை உள்ள உயரம் என்றுதான் தோன்றும். அது இல்லை. மோட்டாரைப் படகில் மாட்ட ஒரு கொக்கி மாதிரியான பிடிப்பு இருக்கும், கிளாம்ப். அதன் உள்பக்க மேல்விளிம்புதான் பின்பலகையின் தலையில் உட்காரும் இடம். அளவு அங்கே தொடங்கும். முடிவது ப்ரொப்பல்லரில் அல்ல. ப்ரொப்பல்லருக்கு நேர் மேலே படுக்கைவாக்கில் அகலமான ஒரு தகடு இருக்கும். மெக்கானிக்குகள் கேவிடேஷன் பிளேட் என்பார்கள். கிளாம்பின் உட்கார்வு முதல் அந்தத் தகடு வரை உள்ளதுதான் ஷாஃப்ட் நீளம். தகட்டுக்குக் கீழே கியர் பெட்டி, ப்ரொப்பல்லர், அதற்கும் கீழே துடுப்பு மாதிரி ஓர் உலோக முனை. இதெல்லாம் கணக்கில் சேராது. ஆனால் தண்ணீருக்குள் போகும்.

உலகம் முழுக்க இந்த நீளம் ஐந்து அங்குலப் படியாக வருகிறது. ஷார்ட் 15 அங்குலம், லாங் 20, எக்ஸ்ட்ரா லாங் 25, அதற்கும் மேல் 30. மில்லிமீட்டரில் சொன்னால் 381, 508, 635, 762. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் ஓர் அங்குலம் முன்னே பின்னே இருக்கும், அதனால் மாடலின் குறிப்பேட்டைப் பார்க்காமல் முடிவுசெய்யக்கூடாது. நம் கரையில் ஓடும் 8, 9.9, 15 குதிரைத்திறன் மோட்டார்கள் பெரும்பாலும் ஷார்ட், லாங் இரண்டிலும் வரும். மாடல் பெயரில், பெரும்பாலும் கடைசியில், ஒட்டியிருக்கும் எஸ், எல் என்ற எழுத்துதான் அடையாளம். பெட்டியின் மேல் அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்குபவர்கள் நிறையப் பேர்.

அமெரிக்காவில் ஓல் எவின்ரூட் 1909-ல், இப்படிப் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் விற்கத் தொடங்கினார். யமஹா தன் முதல் அவுட்போர்டைக் கொண்டுவந்தது 1960-ல். இங்கே வல்லம் வடகாலில் யமஹா ஆலையைத் தினமும் தாண்டிப் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் பைக், ஸ்கூட்டர். மரக்காணம் கரையில் அதே பெயர் கடலுக்குப் போகிற மோட்டார். இத்தனை ஆண்டுகளில் இன்ஜின் எவ்வளவோ மாறிவிட்டது. தகடு படகின் அடிமட்டத்தோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

அதுதான் முழு விஷயமும். மோட்டாரை மாட்டி நேராக நிறுத்தினால் அந்தத் தகடு படகின் அடிப்பாகத்தோடு ஒரே மட்டத்தில், அல்லது ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும்.

ஏன்? ப்ரொப்பல்லர் சுற்றும்போது அதன் முன்பக்கம் இழுவை உண்டாகிறது. தண்ணீர்மட்டம் பக்கத்தில் இருந்தால் மேலே உள்ள காற்றையும் அது இழுத்துக்கொள்ளும். தகடு அந்தக் காற்றுக்கு மூடி. மூடி தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் ப்ரொப்பல்லர் காற்றும் தண்ணீருமாகக் கலந்த நுரையைத்தான் அறுக்கும். இன்ஜின் அலறும், படகு நகராது. ஆக்சிலேட்டரைத் திருகத் திருகச் சத்தம் ஏறுமே தவிர வேகம் ஏறாது. ஷாஃப்ட் குட்டையாகப் போனால் நடப்பது இது.

சத்தத்தோடு போனால் பரவாயில்லை. குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகும் துளைகளும் அந்தத் தகட்டை ஒட்டித்தான் கியர் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கின்றன. அங்கிருந்து ரப்பர் இறக்கை கொண்ட ஒரு சின்ன பம்ப், இம்பெல்லர் என்பார்கள், தண்ணீரை மேலே தள்ளி இன்ஜினைச் சுற்றவிட்டு வெளியே விடுகிறது. மோட்டாரின் பின்பக்கம் நூல் மாதிரி ஒரு தண்ணீர் பீச்சிக்கொண்டே இருப்பது அதற்கான சாட்சி. துளை காற்றைக் குடித்தால் அந்த ரப்பர் காய்ந்தபடி சுற்றும். உலோகக் குழிக்குள் உராய்ந்து சுற்றும் ரப்பருக்குத் தண்ணீரே எண்ணெய். அது இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே இறக்கை கருகிப் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டு மேலே போய் வழியை அடைக்கும். அதன் பிறகு நல்ல தண்ணீரில் இறக்கினாலும் இன்ஜின் சூடாகும், பிஸ்டன் பிடிக்கும். கடையில் "கம்பெனி சரியில்லை" என்று திட்டிக்கொண்டு நிற்கும் பல மோட்டார்களின் கதை இதுதான் என்பது என் எண்ணம். மோட்டாரில் கோளாறு இல்லை, அது உட்கார்ந்த இடத்தில்தான் கோளாறு.

சரி, அப்படியென்றால் நீளமாக வாங்கிவிட்டால் பாதுகாப்புதானே என்று தோன்றும். கரையில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அதுவும் சரியில்லை. ஐந்து அங்குலம் கூடுதலாக இறங்கினால் அத்தனை உலோகத்தையும் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பெட்ரோல் அதிகம் குடிக்கும். ஷாஃப்ட் உறை தண்ணீரை அடித்துப் பின்பலகை வழியாக உள்ளே தெளிக்கும். தள்ளும் இடம் ஆழமாகப் போவதால் படகின் மூக்கு அளவுக்கு மேல் தூக்கும், திருப்பும்போது கைப்பிடி இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, தரை தட்டும்.

ஆலைப் படகுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. பெயர் வேண்டாம், எங்கள் பக்கத்து ஆலை ஒன்று. காற்றடிக்கும் ரப்பர் படகு, பின்பலகை 15 அங்குலத்துக்கானது. வந்து இறங்கியது லாங் ஷாஃப்ட். கடைக்காரர் தன்னிடம் இருந்ததை அனுப்பிவிட்டார். ஆர்டரில் எழுதவில்லை என்பதால் அவரைக் கேட்கவும் வழியில்லை. பக்கத்து ஏரியில் மாக் டிரில் வைத்தார்கள், என்னையும் பார்க்கக் கூப்பிட்டார்கள். கரையிலிருந்து தள்ளியதும் மோட்டாரைத் தூக்கியே வைத்திருக்க வேண்டியிருந்தது. இறக்கிய இடத்தில் வண்டலைக் கிளப்பிக்கொண்டு நின்றது. அந்த நூல்தண்ணீர் முதலில் செம்மண் நிறத்தில் வந்து, பிறகு சொட்டுச் சொட்டாகி, நின்றேபோனது. குளிர்விக்கும் துளை சேற்றைக் குடித்திருக்கிறது. நல்லவேளை, ஓட்டியவர் சத்தம் மாறியதும் அணைத்துவிட்டார்.

கணக்கைப் பாருங்கள். அந்த அளவு மோட்டாரில் தகட்டுக்குக் கீழே சுமார் பத்து அங்குலம் உலோகம் இருக்கும். சரியான ஷாஃப்ட் என்றால் படகின் அடியிலிருந்து பத்து அங்குலம் தொங்கும். லாங் ஷாஃப்ட் மாட்டினால் பதினைந்து. ஆள் ஏறிய ரப்பர் படகு தானே ஆறேழு அங்குலம் அமுங்கும். ஆக, ஓடுவதற்கே கிட்டத்தட்ட இரண்டடித் தண்ணீர் வேண்டும், இடைவெளி எதுவும் இல்லாமல். முடிச்சூர் தெருவில் முழங்கால் தண்ணீரில் மாட்டிக்கொண்ட பாட்டியை அழைத்து வர இந்தப் படகு போகுமா? போகாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அதற்கு மோட்டார் வேண்டாம்.

என் மச்சான் விஷயம் நேர் எதிர். மனைவியின் தம்பி, ஃபைபர் படகுக்கு மோட்டார் வாங்க வேண்டும் என்று போனில் பேசினான். "மாமா, கடைக்காரர் ஷார்ட்டு இருக்கு, இன்னிக்கே எடுத்துக்கோங்குறாரு. லாங்குன்னா காத்திருக்கணுமாம். விலையும் கொஞ்சம் கூட. ஷார்ட்டே எடுத்துடட்டுமா?"

"பின்பலகை எவ்வளவு இருக்கு?"

"அதெல்லாம் அளக்கல மாமா. எல்லாரு படகு மாதிரிதான்."

எல்லார் படகு மாதிரி என்பது அளவே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரை முழுக்க ஃபைபர் படகு பெருகியது. ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஒவ்வொரு யார்டும் ஒவ்வொரு உயரத்தில் பின்பலகை வைத்தது. அதற்கு மேல் சொந்தக்காரர்கள் தங்கள் வசதிக்கு மரம் சேர்த்து உயர்த்தியிருப்பார்கள், உளுத்த இடத்தை அறுத்து இறக்கியிருப்பார்கள். ஒரே குப்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு படகுகளுக்கு மூன்று அங்குலம் வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

ஞாயிற்றுக்கிழமை போய் அளந்தோம். எப்படி அளந்தோம் என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் தப்பு நடக்கிறது.

படகு மணலில் சாய்ந்து கிடந்தது. முதலில் இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்து நிமிர்த்தினோம். பின்பலகைக்கு அடியில் மணலைத் தோண்டி, கொத்தனார்கள் வைத்திருக்கும் மட்டப்பலகை ஒன்றைப் படகின் அடியோடு ஒட்டிப் பிடித்தோம். முக்கால் பாகம் படகுக்குக் கீழே, கால் பாகம் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி. வெளியே நீட்டியிருக்கும் பலகையின் மேல்விளிம்புதான் படகின் அடிமட்டம். அங்கிருந்து பின்பலகையின் தலை வரை டேப். சரியாக நடுவில், மோட்டார் உட்காரப்போகிற இடத்தில். ஓரத்தில் அளந்தால் அடி வளைந்து மேலேறுவதால் குறைவாகக் காட்டும்.

மச்சான் டேப்பின் நுனியை மணலிலிருந்து பிடித்தான். "மாமா, இருபத்தொண்ணு வருது" என்றான். மணலிலிருந்து அளக்காதே, பலகையிலிருந்து பிடி என்றேன். பத்தொன்பதரை வந்தது. அடியில் நடுவே ஓடுகிற கட்டை, கீல், சில படகுகளில் பின்பலகை வரைக்கும் வந்து முடியும். அதையும் சேர்த்து அளந்தால் இன்னும் இரண்டு அங்குலம் கூடிவிடும். கீல் தடிப்பாக ப்ரொப்பல்லருக்கு நேர் முன்னே வந்தால் அது தண்ணீரைக் கிழித்துக் குழப்பிய பிறகுதான் ப்ரொப்பல்லருக்குத் தண்ணீர் கிடைக்கும். அப்படிப்பட்ட படகில் தகடு கொஞ்சம் கீழே நிற்பது நல்லது. இவன் படகில் கீல் முன்னாலேயே முடிந்துவிட்டது.

பின்பலகை நேராக நிற்காது, பின்னால் சாய்ந்திருக்கும். சாய்வின் மேலேயே டேப்பை வைப்பதா, செங்குத்தாக அளப்பதா என்று சிலர் குழம்புவார்கள். பன்னிரண்டு டிகிரி சாய்வில் இருபது அங்குலத்துக்கு வரும் வித்தியாசம் அரை அங்குலத்துக்கும் குறைவு. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஐந்து அங்குலப் படியில் எந்தப் படி என்பதுதான் கேள்வி.

பத்தொன்பதரை என்றால் லாங். சந்தேகமே இல்லை. ஷார்ட் மாட்டினால் தகடு படகின் அடியைவிட நாலரை அங்குலம் மேலே நிற்கும். குளிர்விக்கும் துளை பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

"ஆனா மாமா, வலை ஏத்துனா பின்னாடி அமுங்கிடுமே. அப்போ ஷார்ட்டே தண்ணிக்குள்ள போயிடும்ல?"

நல்ல கேள்வி. வலையும் ஐஸ் பெட்டியும் பின்னால் இருந்தால் அமுங்கும்தான். ஆனால் வலையை விட்ட பிறகு? ஆள் எல்லாரும் அணியத்துக்குப் போய் வலையை இழுக்கும்போது? படகு முன்னால் அழுந்தும், பின்னால் தூக்கும். ஆறு மைல் தள்ளி அலை ஏறி இறங்கும்போது பின்பலகை மொத்தமாகத் தண்ணீரை விட்டு வெளியே வரும் கணமும் உண்டு. ஒவ்வொரு அலைக்கும் இன்ஜின் ஒருமுறை அலறி அடங்கும். கடலுக்குப் போகும் படகை அதன் மோசமான நிலையை வைத்துத்தான் அளக்க வேண்டும். அதனால்தான் அலையில் ஓடும் பாரமான படகுக்குத் தகடு ஓர் அங்குலமோ ஒன்றரையோ கீழே இருந்தாலும் தப்பில்லை என்கிறேன். எட்டு, பத்து குதிரைத்திறனில் ஓடும் இருபத்தைந்தடி மீன்பிடிப் படகு தண்ணீர்மேல் எழும்பிப் பறக்கப்போவதில்லை. தண்ணீரைப் பிளந்துகொண்டுதான் போகும். பறக்கிற வேகப்படகுக்காரர்கள் தகட்டை அரை அங்குலம் மேலே ஏற்றி வேகம் பார்ப்பார்கள். அது நமக்கான பாடம் இல்லை.

இந்த இடத்தில் நம் கரை பழகிக்கொண்ட ஒரு வழியைச் சொல்லாமல் போக மனமில்லை. தமிழ்நாட்டு ஃபைபர் படகுகளில் மிக அதிகம் பார்ப்பது இந்த அவுட்போர்டு மோட்டார் இல்லை. லம்பார்டினி மாதிரியான ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், பின்பலகைமேல் ஒரு சுழல் தாங்கியில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நீண்ட குழாய் ஒன்று பின்னால் சாய்வாகத் தண்ணீருக்குள் போகும், நுனியில் ப்ரொப்பல்லர். வால் நீண்ட மோட்டார். அதற்கு ஷார்ட், லாங் என்ற கேள்வியே எழாது. கைப்பிடியை அமுக்கினால் ப்ரொப்பல்லர் மேலே வரும், தூக்கினால் ஆழம் போகும். அலைவாயைத் தாண்டிக் கரைக்கு ஓடிவரும்போது கடைசி அலையில் கைப்பிடியை அமுக்கிப் ப்ரொப்பல்லரைத் தூக்கிக்கொண்டு அப்படியே மணலில் ஏறுவார்கள். இன்ஜின் காற்றில் குளிர்வது என்பதால் சேற்றைக் குடிக்கும் துளையும் இல்லை. துறைமுகம் இல்லாத, நேராக அலைக்குள் இறங்கி அலையிலிருந்து ஏறும் கரைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது என்பேன்.

1979-ல் சென்னையை மையமாக வைத்து ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில், நார்வேயைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிராண்ட்சன் நம் கரைக்காக அலையில் ஏறி இறங்கும் படகுகளை வடிவமைத்தார். அதிலும் முக்கியமான சிக்கலே ப்ரொப்பல்லர்தான். கடலில் ஆழமாக நிற்க வேண்டும், கரையில் மேலே ஏறிவிட வேண்டும். ப்ரொப்பல்லரை உயர்த்திக்கொள்ளும்படி அவர்கள் செய்த அமைப்புக்கு பாப் டிரைவ் என்று பெயர். அத்தனை பொறியாளர்கள் உட்கார்ந்து யோசித்ததும் நான் இங்கே சொல்லிக்கொண்டிருக்கும் இந்த ஆழக் கணக்கைத்தான்.

கட்டுமரத்திலும் இரு முனையும் கூரான வள்ளத்திலும் மோட்டார் வைப்பவர்களுக்குப் பின்பலகையே கிடையாது. பக்கவாட்டில் ஒரு சட்டம் அடித்து மாட்டுவார்கள். அங்கே அடிமட்டத்தைப் பார்த்துப் பயனில்லை. பாரம் இல்லாமல் மிதக்கும்போது, மோட்டார் இருக்கும் பக்கம் அலையில் உயரும்போதும் தகடு தண்ணீருக்குள் இருக்கிறதா என்று பார்த்துச் சட்டத்தின் உயரத்தை முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலும் லாங் தான் வேண்டியிருக்கும்.

வாங்கியாகிவிட்டது, பொருந்தவில்லை, என்ன செய்வது? லாங் மோட்டார், குட்டைப் பின்பலகை என்றால் பலகையை உயர்த்தலாம். நல்ல கடின மரமோ மெரைன் ப்ளைவுட்டோ பழைய பலகையோடு நெடுக இணைத்து, துரு ஏறாத ஸ்டீல் போல்ட்டை ஊடுருவிப் போட்டு, பின்னால் பெரிய வாஷர் வைத்து இறுக்க வேண்டும். மேலே ஒரு கட்டையை வைத்து ஆணி அடிப்பது வேலைக்கு ஆகாது. உயரம் கூடக் கூட மோட்டார் தள்ளும் விசை பலகையை நெம்பும். பத்து, பதினைந்து குதிரைத்திறன் வரை கவனமாகச் செய்தால் தாங்கும். அதற்கு மேல் படகு கட்டுபவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ரப்பர் படகில் இந்த வேலையே வேண்டாம். பலகை ரப்பரோடு ஒட்டியிருக்கும் இடம் பிரிந்துவிடும்.

ஷார்ட் மோட்டார், உயரப் பின்பலகை என்றால் சிலர் நடுவில் பலகையை வெட்டி இறக்குவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஐந்து அங்குலம் வெட்டினால் பின்னாலிருந்து வரும் அலைக்கு ஐந்து அங்குலக் கதவு திறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மோட்டார் நின்றுபோனால் அதன் பாரத்தில் படகு பெரும்பாலும் பின்பக்கத்தை அலைக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். அப்போது உள்ளே வரும் தண்ணீருக்கு யார் பொறுப்பு? சில மாடல்களுக்கு ஷாஃப்டை நீட்டும் பாகங்கள் கிடைக்கும். ஷாஃப்ட், தண்ணீர்க் குழாய், கியர் கம்பி, புகை போகும் உறை எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். செலவைக் கூட்டிப் பார்த்தால், பழைய மோட்டாரை விற்றுவிட்டுச் சரியான நீளத்தில் வாங்குவதே மேல்.

மச்சான் காத்திருந்து லாங் வாங்கினான். மாட்டிய அன்று தகட்டுக்கும் மட்டப்பலகைக்கும் நடுவில் என் கட்டைவிரல் அகலத்தில் பாதி. போதும்.

ஆலைகளுக்குத் திரும்புகிறேன். வெள்ளத் தெருவுக்கான படகு கடல் படகு இல்லை. அலை கிடையாது, ஆழம் கிடையாது. கீழே வேகத்தடை, மூடி போன பாதாளச் சாக்கடை, சுற்றுச்சுவர், நிறுத்தி வைத்த பைக், கேபிள், ஆகாயத்தாமரை. ஆகவே 15 அங்குலப் பின்பலகை கொண்ட தட்டை அடிப் படகு, அதற்கு ஷார்ட் ஷாஃப்ட். மோட்டாரில் ஆழமில்லாத் தண்ணீருக்காகப் பாதி தூக்கி நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த நிலையில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், குளிர்விக்கும் துளை தண்ணீருக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே. ரப்பர் படகை அளக்கும்போது முழுசாகக் காற்றடித்துவிட்டு அளக்க வேண்டும். அடியில் காற்றுக்குழல் கீல் இருந்தால் காற்றில்லாதபோது காட்டும் அளவு வேறு. சின்ன மோட்டார்களில் ப்ரொப்பல்லரைப் பிடித்திருக்கும் ஷியர் பின் கல்லில் மோதினால் உடைவதற்கென்றே வைத்தது, கியரைக் காப்பாற்ற. அதில் நாலைந்து, கூடவே ஒரு இம்பெல்லர், ஒரு ஸ்பேனர், ஒரு குறடு, இவை படகோடு ஒரு டப்பாவில் இருக்கட்டும். கூடவே இரண்டு துடுப்பும் ஒரு நீள மூங்கிலும். தெருவில் கடைசி ஐம்பது அடி மூங்கிலால்தான் போக முடியும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். இந்தப் பட்டையில் சேஃப்டி கமிட்டியிலோ பர்ச்சேஸிலோ இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இண்டெண்ட் படிவத்தில் குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் சேருங்கள். ஒன்று, படகின் பின்பலகை உயரம், நடுவில் அளந்தது. இன்னொன்று, மோட்டாரின் ஷாஃப்ட் நீளம், மாடலின் குறிப்பேட்டில் உள்ளது. முதல் கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே வாங்கி ஷெட்டில் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே மோட்டாரை மாட்டி, தகடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் மாற்றுவதற்குக் கோடைதான் நேரம். மழை தொடங்கிய பிறகு கேட்ட நீளம் கடையில் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது.